அப்பாவின் கத்திக்கு என்ன வயது?

அந்துருண்டை வாசனை. அதற்கு அடியில் கிரீஸ். அதற்கும் அடியில், மழையில் நனைந்து காயாத செருப்பைப் போல, ஈரம் குடித்த தோலின் மணம்.

போன மாதம் செம்பவாங் வீட்டை ஒழுங்குபடுத்தும்போது, அலமாரி உச்சியில் இருந்த பிஸ்கட் டின்னைத் திறந்தேன். அப்பா வந்து பக்கத்தில் நின்றார். கப்பல் பட்டறையில் வேலை முடிந்து நேராக வருகிற அப்பா. அவர் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது... வாசனைக்கு அது தெரியாது போலும்.

டின்னுக்குள் ஒரு கத்தி. சமையல் கத்தி இல்லை, மடக்குகிற கத்தியும் இல்லை. தோல் உறை. தோல் வளையங்களை அடுக்கிச் செய்த பிடி. நுனி லேசாக மேலே வளைந்த அலகு. வேட்டைக்காரர்கள் இடுப்பில் தொங்கவிடுவார்களே, அது. சிங்கப்பூரில் எதை வேட்டையாட? பிடியும் அலகும் சேரும் இடுக்கில் சிவப்பாக ஏதோ காய்ந்து கிடந்தது.

என் தம்பி குமரன் அதைப் பார்த்தான். சுவரில் மாட்டியிருந்த அப்பாவின் படத்தைக் கழற்றி, முகம் உள்ளே இருக்கும்படி திருப்பி வைத்தான்.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்பு, பட்டறை ஆட்கள் தங்கும் குவார்ட்டர்ஸில் ஒரு சண்டை. கரண்ட் போன நேரம். அப்பாவின் கூட்டாளி மாணிக்கத்தின் கன்னத்தை யாரோ கத்தியால் கீறிவிட்டார்கள். போலீஸ் அப்பாவை அழைத்துப்போய் விசாரித்து, அனுப்பிவிட்டது. செய்தது யார் என்று கடைசிவரை தெரியவில்லை. கத்தியும் கிடைக்கவில்லை.

வீட்டில் இதை யாரும் பேசியதில்லை. கல்யாண மண்டபங்களில்தான் காதில் விழும். “விட்டுட்டாங்க... ஆனா யாருக்குத் தெரியும்?” அந்த ‘ஆனா’வோடுதான் நாங்கள் இருவரும் வளர்ந்தோம்.

இப்போது கத்தி கிடைத்துவிட்டது.

முதல் திவசம் நெருங்கிக்கொண்டிருந்தது. மகன்தானே செய்ய வேண்டும்? குமரன் போனில் சொன்னான். “அவருதான் செஞ்சாருன்னா, என்னால எள்ளும் தண்ணியும் விட முடியாது அக்கா. ஃபார்மாலிட்டிக்குக் கைய நீட்டிட்டு வர மாட்டேன்.”

அவரு! டின்னைத் திறந்த நாளிலிருந்து ‘அப்பா’ என்ற சொல் அவன் வாயில் வரவில்லை.

பழைய கத்திக்கு வயது சொல்ல ஆள் உண்டா? குமரனின் ஆபீஸ் நண்பன் ரஹீம் இருந்தான். தேக்கா கடைத்தெருவில் குடும்பத்துக்குத் துணிக்கடை. இவனுக்குப் பழைய கத்திகள் சேர்க்கிற பைத்தியம். கத்தியை எடுத்து வரட்டுமா என்று கேட்டேன். அதோடு எம்.ஆர்.டி. ரயிலில் ஏறினால் எனக்கு முன்னால் போலீஸ் பார்த்துவிடும், நானே வருகிறேன் என்றான். போன சனிக்கிழமை காரில் வந்தான் — பூதக்கண்ணாடியும் பிரியாணிப் பொட்டலங்களுமாக.

புரட்டிப் பார்த்தவன், நல்ல பழசு என்றான். எங்களுக்கெல்லாம் முந்தியா என்று கேட்டேன். இருக்கலாம் என்றான். குமரன் எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டான். பிரியாணி ஆறிக்கொண்டிருந்தது.

ரஹீம் பல்குத்தும் குச்சியால் அந்தச் சிவப்பைச் சுரண்டினான். வெள்ளை டிஷ்யூவில் தேய்த்தான். சிவப்பு... ஓரத்தில் கொஞ்சம் சந்தன மஞ்சள். ரத்தமாக இருந்தால் இத்தனை வருடத்தில் கறுத்திருக்கும் என்றவன், என்னைப் பார்த்துச் சிரித்தான். “உங்களுக்குத் தெரியலையா அக்கா? குங்குமம்லா.”

ஆயுத பூஜை. ஸ்பேனர், ரம்பம், தையல் மெஷின், டி.வி., என் சைக்கிள் — அப்பா எதையும் விடமாட்டார், எல்லாவற்றுக்கும் பொட்டு. கடைசியில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இன்னும் ஏதோ ஒன்றுக்கு வைப்பார். நாங்கள் சுண்டலில் குறியாக இருப்போம்.

தினமும் நெற்றியில் வைத்துக்கொள்கிறேன். எனக்கே அடையாளம் தெரியவில்லை. பயந்த கண்ணுக்கு எல்லாச் சிவப்பும் ஒன்றுதான்.

குமரன் மசியவில்லை. செய்தவன் பொட்டு வைக்கமாட்டானா என்று ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டான். நியாயமான கேள்விதான்.

ரஹீம் அலகின் அடிப்பக்கத்தைத் துடைத்தான். தேய்ந்த கம்பெனி முத்திரை. அதன் கீழே ஊசி முனையளவில் சில புள்ளிகள். இது அமெரிக்கக் கத்தி. அந்தக் கம்பெனி முத்திரைக்குக் கீழே புள்ளிகள் அடித்து, வருடத்துக்கு ஒன்றாகக் குறைத்துக்கொண்டே வந்ததாம். புள்ளியை எண்ணினால் வருடம் தெரிந்துவிடும். நமக்குப் புள்ளி என்றால் கோலம், அவர்களுக்குக் காலண்டர். எண்ணினான். திரும்ப எண்ணினான். போனில் ஒரு படத்தோடு ஒப்பிட்டான். நான் பிறந்த வருடத்தைக் கேட்டான். சொன்னேன்.

“அப்ப இது உங்களுக்குத் தங்கச்சி அக்கா. உங்களவிட ஒரு வயசு சின்னது.”

குமரன் திரும்பினான். கல்யாணத்துக்கு முன்பு நடந்த சண்டை. நான் பிறந்த பிறகு செய்த கத்தி. அன்றைக்கு இது உலகத்திலேயே இல்லை. அவன் அப்படியே தரையில் உட்கார்ந்தான். எனக்கு ஏனோ சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு நிற்கவும் இல்லை.

பழுது பார்க்க வந்த கப்பலில் எந்த மாலுமியிடமாவது வாங்கியிருப்பார். பிறகு ஏன் ஒளித்தார்? கத்திக்காக ஒருமுறை சந்தேகிக்கப்பட்ட ஆள், ஆசைப்பட்டு வாங்கிய கத்தியைக்கூட ஒளித்துத்தானே வைப்பார்?

இதனால் கத்திதான் விடுதலை, அப்பா இல்லை என்று வக்கீல் வாசகர் யாராவது எழுதுவீர்கள். சரிதான். ஆனால் போலீஸ் அவரை அன்றைக்கே விட்டுவிட்டது. பிடித்து வைத்திருந்தது நாங்கள்தான்.

பிரியாணியைச் சூடுபண்ணிச் சாப்பிட்டோம். குமரன் படத்தைத் துடைத்து ஆணியில் மாட்டினான். திவசத்துக்கு ஐயரிடம் தானே பேசுவதாகச் சொன்னான். ரஹீம் அவனை உட்லண்ட்ஸ் வீட்டில் இறக்கிவிடுவதாக ஏற்பாடு. லிஃப்ட் வரை போனேன். கத்தியைத் தானே வைத்துக்கொள்வதாகக் குமரன் சொல்லியிருந்தான். உறையோடு நீட்டினேன். சட்டென்று கையைப் பின்னால் இழுத்துக்கொண்டான்.

“கையில கொடுக்காத அக்கா, சண்டை வரும்னு அப்பா சொல்வாரு. கீழ வை... எடுத்துக்கறேன்.”