பாருக்குள் போன மும்தாஜ் அக்கா

சங்கரன்கோவிலில் எங்கள் தெருமுனையில் ஒரு பார் இருக்கிறது. மதியம் திறந்ததிலிருந்து அடைக்கிற வரை பாட்டுச் சத்தத்தில் சுவர் அதிரும். நான் ஜன்னலைச் சாத்திவிட்டுப் புலம்புவதோடு சரி.

ஒருநாள் எதிர்வீட்டு மும்தாஜ் அக்காவின் கைக்குழந்தை தூக்கத்தில் திடுக்கிட்டு வீறிட்டது. அக்கா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நேராகப் பாருக்குள் நுழைந்துவிட்டார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

"அண்ணாச்சி, குடிக்காதீங்கன்னு சொல்ல வரல. புள்ள தூங்கணும், பாட்டக் கொறைங்க" என்றார்.

ஒருவர் எழுந்து ஸ்பீக்கரை அணைத்தார். அத்தனை ஆண்களும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மூச்சுக்காட்டாமல் இருக்க, குழந்தை அக்கா தோளிலேயே தூங்கிப்போனது.

இப்போதெல்லாம் சத்தம் கூடினால் நானே போய்ச் சொல்லுகிறேன். குரல் கொஞ்சம் நடுங்கத்தான் செய்கிறது.