தேனில் குழைத்த பஸ்பம்

ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டி நடந்துகொண்டிருந்தேன். தோளில் பை. சூரத்தில் வேலை இருப்பதாக ஒருவன் சொல்லியிருந்தான். மதிய வண்டிக்குப் போவதாகத்தான் காலையில் கிளம்பியிருந்தேன்.

பிழைக்க வந்த மராட்டிய ஊரில், போபோடியில் எனக்குத் தங்க இடம் கொடுத்த அண்ணனுக்கு மீசோதெலியோமா. சொந்த அண்ணன் இல்லை. பாய்லர் குழாய்களுக்கு ஆஸ்பெஸ்டாஸ் சுற்றும் வேலை பார்த்தவர். அந்தத் தூசி பல வருஷம் கழித்து நுரையீரலைச் சுற்றியுள்ள சவ்வில் புற்றுநோயாக வந்து நின்றது. ஒரு மருந்து போதாது, இரண்டைச் சேர்த்து ஏற்ற வேண்டும், கட்டி சுருங்கினால் அறுவை, பிறகு கதிர்வீச்சு என்று டாக்டர் சொல்லியிருந்தார். குணமாகாது, நாள் கூடும் என்பதையும் மறைக்கவில்லை. இரண்டு முறை ஏற்றியாயிற்று. மூச்சு கொஞ்சம் இலேசாகியிருந்தது.

அன்று காலை மூன்றாவது முறைக்கு நானும் கூடப் போயிருந்தேன். ரத்தப் பரிசோதனையைப் பார்த்த டாக்டர், சிறுநீரகம் கெட்டிருக்கிறது என்றார். வேறு ஏதாவது சாப்பிடுகிறாரா என்று இந்தியில் கேட்டார்.

அண்ணி பெருமையாகவே பதில் சொன்னாள்: "நீங்கள்தானே ஒன்று போதாது, சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்றீர்கள்? ஏரவாடா வைத்தியரிடம் பஸ்பம் வாங்கித் தேனில் குழைத்துக் கொடுக்கிறேன். காலையும் மாலையும்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். ஊசி மருந்தே சிறுநீரகத்தைத் தாக்கக்கூடியதாம். அதோடு பஸ்பத்தில் என்ன உலோகமோ. "இன்று ஏற்ற முடியாது. சிறுநீரகம் தேறினால் பார்க்கலாம். தேறாவிட்டால் அறுவையும் இல்லை."

அண்ணன் அண்ணியிடம் சொன்னார்: "விடுடி. தேனாவது நல்லா இருந்துச்சு."

நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. பின்னாலேயே ஓடிவந்த அண்ணி, சாலை முனையில் என் பையைப் பிடித்தாள்.

"எங்க தம்பி?"

"ஸ்டேஷனுக்கு."

"உன் காலுல சக்கரம்னு தெரியும். பகல்ல நான் நாலு வீட்டுக்குச் சமைக்கப் போயிடறேன். பக்கத்து வீட்டு ஆயி நேத்துகூட ஒரு கசாயம் கொண்டாந்தா. யார் எதக் குடுத்தாலும் உங்கண்ணன் மாட்டேன்னு சொல்லாது. கூட ஒரு ஆள் வேணும்டா. சூரத் எங்க ஓடிடப் போவுது?"

மறுநாள் காலை பக்கத்திலிருந்த கட்கி பஜாரில் ஒரு இரும்புக் குடோனில் போய் வேலை கேட்டேன். பகலில் மூட்டை தூக்க ஆள் வேண்டும் என்றார் முதலாளி. இரவுக் காவல் என்றால் வருகிறேன் என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுத் தடியை எடுத்துக் கொடுத்தார்.