மேட்டுப் பிளக்கும் ராசம்மாவும்

1. எல்லாம் தெரிந்தவன்

தேயிலைத் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருஷம் பிட்டராக இருந்தேன். பாய்லர், ஸ்டீம் லைன், தண்ணீர்ப் பம்பு எதுவானாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். நான் கழற்றி மாட்டாத வால்வு அந்தத் தொழிற்சாலையில் ஒன்றுகூடக் கிடையாது. இதைப் பெருமைக்காகத்தான் எழுதுகிறேன். பின்னால் நான் பட்ட அவமானம் எவ்வளவு என்று புரிய இந்தப் பெருமையும் தெரிந்திருக்க வேண்டும்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் வால்வு என்றால் திறக்கவும் மூடவும் ஒரு சாமான் என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் உண்டு. கேட் வால்வுக்குள்ளே ஒரு தட்டு இருக்கும். மேலே சுற்றினால் தட்டு ஏறி வழியை முழுக்க விட்டுவிடும். அதை ஒன்று முழுக்கத் திறக்க வேண்டும், இல்லை முழுக்க மூட வேண்டும். பாதியில் நிறுத்தினால் தட்டு ஆடி ஆடித் தேய்ந்து, அப்புறம் பிடிக்காது. அளவாக விட வேண்டுமென்றால் அதற்கு குளோப் வால்வு. அதற்குள் தண்ணீரும் ஆவியும் வளைந்து ஏறி இறங்கித்தான் போகும். வேகம் குறையும், ஆனால் வைத்த அளவில் நிற்கும். பால் வால்வில் துளை போட்ட உருண்டை, கைப்பிடியைக் கால் வட்டம் திருப்பினால் வேலை முடிந்தது. அவசரக்காரர்களுக்கு அதுதான் பிடிக்கும். படக்கென்று மூடினால் ஓடிவந்த தண்ணீர் முட்டிக் குழாயையே உதறிவிடும் என்பது அவர்களுக்குப் பிறகுதான் தெரியவரும். நான்-ரிட்டர்ன் வால்வுக்கு உள்ளே ஒரு மடல். போகிற தண்ணீரை விடும், திரும்பி வருவதை விடாது.

எனக்கு மிகவும் மரியாதை சேஃப்டி வால்வின் மேல்தான். வருஷக்கணக்கில் பாய்லர் தலையில் சும்மா உட்கார்ந்திருக்கும். பிரஷர் எல்லை மீறுகிற அன்றைக்கு மட்டும் ஸ்பிரிங்கைத் தள்ளிக்கொண்டு திறந்து அத்தனை பேர் உயிரையும் காப்பாற்றும். யாரும் அதற்கு நன்றி சொல்வதில்லை. நான் தினமும் காலையில் அதை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் வேலை தொடங்குவேன்.

2. சத்தமில்லாத வீடியோ

ஓய்வு பெற்று பதுளையில் மகள் வீட்டில் இருந்தபோது ஒரு காலையில் போன் வந்தது. பூனாகலைக்கு அந்தப் பக்கம் உள்ள ஒரு தோட்டத்தின் சின்னத்தொரை, அதாவது உதவி மானேஜர்.

"ஐயா, நீங்க ஒருக்கா வரணும். தண்ணி லைன்ல ஒரு பெரிய பிரச்சினை. ஆளுங்க ஆபீஸை சுத்தி நிக்கிறாங்க."

பஸ் ஏறிப் போனேன். அந்தத் தண்ணீர் லைன் எளிமையானது. மலை உச்சியில் ஊற்றுத் தொட்டி. ஊற்று சின்னது, அதனால் தொட்டி நிரம்ப விட்டு, காலையும் மாலையும் மட்டும் கேட் வால்வைத் திறப்பார்கள். அங்கிருந்து இரண்டு அங்குலக் குழாய் இறங்கி வரும். வழியில் தொழிலாளர் குடியிருப்பான கீழ் லயத்துக்கு ஒரு கிளை பிரியும். மீதிக் குழாய் ரோட்டோரமாக ஒரு மேட்டில் ஏறி, அப்பால் ஓடைப் பள்ளத்தில் இறங்கி, மறுபடி ஏறி மேல் லயத்துத் தொட்டிக்குப் போகும். மேட்டின் உச்சியில் 'டீ' என்கிற மும்முனை இணைப்பு ஒன்றை மாட்டி, மேலே பார்த்த அதன் தலையைப் பிளக் போட்டு அடைத்திருந்தார்கள். எந்தக் காலத்தில் யார் எதற்காக மாட்டினார்கள் என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

வால்வைத் திறந்து மூடும் வேலை ராசம்மாவுடையது. கொழுந்து பறிக்கும்போது விழுந்து முழங்கால் போய்விட்டது. மலைச் சரிவில் நிற்க முடியாத அவளுக்குத் தோட்டம் கொடுத்த வேலை அது. ஆறு வருஷமாகச் செய்கிறாள். அந்த வேலையும் போனால் அவளுக்கு அங்கே வேறு வேலை கிடையாது.

சின்னத்தொரை தன் போனில் ஒரு வீடியோவைக் காட்டினார். ஆபீசில் ஆட்கள் இருந்ததால் சத்தத்தை அடைத்து வைத்திருந்தார். மேட்டில் ராசம்மா ஸ்பெனரால் பிளக்கைத் தளர்த்துகிறாள். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் பீய்ச்சி அடிக்கிறது. கீழே பசேலென்று பீன்ஸ் காய்த்து நிற்கிற ஒரு போஞ்சிப் பாத்தி. மேல் லயத்து ஆள் ஒருவர் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தார்.

"போஞ்சி யாருடையது?" என்றேன்.

"ராசம்மாவுடையதுதான். அதுதானே பிரச்சினை."

ராசம்மா வெளியே நின்றாள். கூப்பிட்டுக் கேட்டேன்.

"ஆமாங்கய்யா, போஞ்சி என்னுதுதான். சிந்துற தண்ணி சும்மா போகுதேன்னு வச்சேன். ஆனா அதுக்காகத் தொறக்கல. குழாய்க்குள்ள காத்து அடைச்சிக்கிடுதுங்க. அதை வெளியே விட்டாத்தான் மேல் லயத்துக்குத் தண்ணி போகும்."

"காத்தா? இது என்ன சைக்கிள் டியூபா?" என்றேன்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"வயித்துல வாயு கட்டுற மாதிரிங்கய்யா. காலையில நீங்களே வந்து கை வச்சிப் பாருங்க."

நான் போய்ப் பார்த்திருக்கலாம். ஒரு ராத்திரி தங்கினால் போதும். ஆனால் முப்பத்தொரு வருஷ அனுபவத்தை வைத்துக்கொண்டு, தண்ணீர் திறக்கிற பெண் சொன்னதற்காகக் காலை வரை காத்திருப்பதா என்று இருந்தது. அன்றைக்கே பிளக்கை நூல் சுற்றி இறுக்கினேன். அதோடு விட்டேனா? ஸ்பெனர் பிடிக்காதபடி அதன் சதுரத் தலையை ஹேக்சோவால் அறுத்தும் விட்டேன். தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் முத்துலிங்கம் கைதட்டினார். ராசம்மாவிடம் இருந்த வால்வுச் சாவியை வாங்கி வேறொருவர் கையில் கொடுத்தார்கள். அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

3. நூல் மாதிரித் தண்ணீர்

நாலாம் நாள் மறுபடி போன்.

"ஐயா, மேல் லயத்துக்கு ஒரு குடம் தண்ணிகூட வரல. கீழ் லயத்துக்கு நல்லா வருது. சாவி போன கோவத்துல ராசம்மாதான் ஏதோ பண்ணிட்டாங்கன்னு தலைவர் சொல்றாரு. நாளைக்குள்ள தண்ணி வரலன்னா பொலிசுக்கு எழுதணும்கிறாங்க."

எனக்கும் அப்படித்தான் பட்டது. கோபத்தோடு போய் லைனை மேலிருந்து கீழே வரைக்கும் பார்த்தேன். கேட் வால்வைக் கழற்றினேன். தட்டு முழுக்க ஏறியிருந்தது, பழுதே இல்லை. ஆறு வருஷம் ஒரே ஆள் பாதியில் நிறுத்தாமல் திறந்து மூடிய வால்வு அது. அதைப் பார்த்ததுமே எனக்கு அவளைப் பற்றிக் கொஞ்சம் புரிந்திருக்க வேண்டும். மேட்டு ஏற்றத்துக்குக் கீழே இருந்த நான்-ரிட்டர்ன் வால்வின் மடல் தடங்கலில்லாமல் ஆடியது. மேல் லயத்துத் தொட்டியின் மிதவை வால்வும் நன்றாக இருந்தது. ஒரு அடைப்பு இல்லை, உடைப்பு இல்லை. ஆனாலும் தொட்டிக்குள் நூல் மாதிரித்தான் தண்ணீர் விழுந்தது.

மேல் லயத்துப் பைப்படியில் காலிக் குடங்களை வைத்துக்கொண்டு பெண்கள் நின்றார்கள். ஒருத்தி என் முகத்துக்கு நேரே போனை நீட்டினாள்.

"இங்க பாருங்கய்யா, இவதான். எங்க தண்ணியில போஞ்சி வளர்த்த மகராசி!"

அதே வீடியோதான். இந்தத் தடவை சத்தம் முழுசாக வைத்திருந்தாள்.

ராசம்மா ஸ்பெனரைத் திருப்புகிறாள். உஸ்ஸ்ஸ் என்று ஒரு சத்தம். தண்ணீர் இல்லை. உஸ்ஸ்ஸ். இன்னும் தண்ணீர் இல்லை. அவள் காதைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டு நிற்கிறாள். சத்தம் திக்குகிறது, துப்புகிறது, பிறகுதான் தண்ணீர் பீய்ச்சுகிறது. தண்ணீர் ஒரே சீராக வந்த அடுத்த நொடியே அவள் பிளக்கை இறுக்கிவிடுகிறாள். ஆபீசில் நான் பார்த்தபோது அவள் சும்மா நிற்பதாகத்தான் தெரிந்தது.

"திரும்பப் போடும்மா," என்றேன்.

மூன்று தரம் கேட்டேன். என் காதெல்லாம் சூடாகிவிட்டது. ஏனென்றால் அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். பாய்லரை மூட்டும்போது தலையில் உள்ள 'ஏர் காக்' என்கிற சின்னக் காற்று வால்வைத் திறந்து வைப்பேன். உள்ளே இருக்கிற காற்று உஸ்ஸென்று போகும். ஆவி ஒரே சீராக வந்த பிறகுதான் மூடுவேன். மறந்தவர்களை எத்தனை திட்டு திட்டியிருக்கிறேன்! காற்று நின்றால் ஆவி போகாது என்று முப்பத்தொரு வருஷம் பாடம் நடத்தியவன், காற்று நின்றால் தண்ணீரும் போகாது என்று ஒருத்தி சொன்னபோது சைக்கிள் டியூபா என்று கேட்டேன்.

ஓடைப் பள்ளத்தில் தண்ணீர் தேங்கிவிடுகிறது. பின்னால் மேட்டில் ஏறிவரும் தண்ணீருக்கும் அதற்கும் நடுவில் காற்று மாட்டிக்கொள்கிறது. வெளியே போக வழியில்லை. அந்த டீ அங்கே எதற்கு இருந்தது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

4. தலையில்லாப் பிளக்

ராசம்மாவைக் கூட்டிவரச் சொன்னேன். பொலிஸ் வந்துவிட்டது என்று நினைத்து, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தாள். தலைவர், சின்னத்தொரை, இரண்டு லயத்து ஆட்களும் மேட்டைச் சுற்றி நின்றார்கள்.

பிளக்கைக் கழற்ற முடியாது. தலையை அறுத்த புத்திசாலி நான்தானே. பேட்டரி டிரில்லை எடுத்து அதன் நடுவில் சின்னதாக ஒரு துளை போட்டேன்.

உஸ்ஸ்ஸ்.

அந்தச் சத்தம் நிற்பதாகவே இல்லை.

"இன்னும் வரணுங்கய்யா," என்றாள் ராசம்மா மெதுவாக. "நாலு நாள் காத்து."

கொஞ்ச நேரம் கழித்து, "இப்ப துப்பும். மொகத்தை நகர்த்திக்கிடுங்க," என்றாள். நான் நகர்வதற்குள் தண்ணீர் என் கண்ணாடியிலேயே அடித்தது. அதே நேரத்தில் மேல் லயத்துப் பக்கமிருந்து ஒரு கூச்சல். பெண்கள் குடத்தைத் தட்டிக்கொண்டு கத்தினார்கள். தண்ணீர் வந்துவிட்டது.

துளையில் ஒரு குச்சியைச் செருகி அடைத்துவிட்டு, கண்ணாடியைத் துடைக்காமலே சொன்னேன்: "தப்பு என்மேல. ராசம்மா சொன்னது அத்தனையும் சரி. ஆறு வருஷமா இந்தம்மா காத்தை விட்டதாலதான் மேல் லயத்துக்காரங்க தண்ணி குடிச்சாங்க. நான்தான் வழியை அடைச்சவன்."

தலைவர் தொண்டையைக் கனைத்தார். "அப்ப ஏம்மா நீ இதை எங்ககிட்ட சொல்லல?"

"சொன்னேனுங்க தலைவரே," என்றாள் ராசம்மா. "சிரிச்சீங்க."

எனக்கு அந்த இடத்திலேயே அவள் காலில் விழலாம் போல இருந்தது. புத்தகம் இல்லை, பிரஷர் காட்டும் கேஜ் இல்லை, சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. குழாயில் கையை வைத்து, காதைக் கொடுத்து, தானாகவே கண்டுபிடித்தவள். என் தொழிலில் நான் பார்த்த கெட்டிக்காரர்களில் அவளுக்கு மேலே ஒருவரையும் வைக்க மாட்டேன். சாவியை அன்றைக்கே அவள் கையில் திருப்பிக் கொடுக்க வைத்தேன். முத்துலிங்கமே கொடுத்தார்.

5. பித்தளைச் சாமான்

மறுநாள் பதுளை பஜாரில் எனக்குப் பழக்கமான ஹார்ட்வெயார் கடைக்கார முஸ்லிம் நானாவிடம் போய் ஏர் வால்வு கேட்டேன்.

"என்ன பிட்டரய்யா, ரிட்டயர் ஆன பொறகுதான் இதெல்லாம் படிக்கிறீங்களா?" என்று சிரித்தார். விஷயம் தெரியாமல்தான் சொன்னார். ஆனாலும் சரியாகத்தான் சொன்னார்.

உள்ளங்கையில் அடங்குகிற பித்தளைச் சாமான். உள்ளே ஒரு மிதவை. காற்று வந்தால் மிதவை கீழே இறங்கித் துளை திறக்கும், காற்று போகும். தண்ணீர் வந்தால் மிதவை மேலே எழும்பித் துளையை அடைத்துவிடும். ஆளே வேண்டியதில்லை. எவ்வளவு அழகான யோசனை! ராசம்மா செய்ததும் இதே வேலைதான், ஒன்றுகூடக் குறையவில்லை.

பழைய டீயை அறுத்தெடுத்து, புதிதாக ஒன்று போட்டு அதன் தலையில் ஏர் வால்வை மாட்டினேன். ராசம்மா மேலே போய்க் கேட் வால்வைத் திறந்துவிட்டு, முழங்காலை இழுத்துக்கொண்டு மேட்டுக்கு வந்தாள். இருவரும் காத்திருந்தோம். வால்வு உஸ்ஸென்று காற்றை விட்டது, இரண்டு தரம் துப்பியது, டக்கென்று தானே மூடிக்கொண்டது.

அவள் அதன்மேல் கையை வைத்துப் பார்த்தாள். ரொம்ப நேரம் கையை எடுக்கவே இல்லை.

"நல்லாத்தான் செய்யுதுங்கய்யா. என் போஞ்சிதான் காயப் போகுது."

"வாளியில ஊத்திக்கலாம்மா. இனி யாரும் கேக்க மாட்டாங்க."

"கேக்க மாட்டாங்க," என்றாள். பிறகு வால்வைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "இது பித்தளையில்லீங்களா. கடையில வாங்கினது. இது காத்து இருக்குன்னு சொன்னா எல்லாரும் நம்புவாங்க."

அறுத்த பிளக்கின் தலை இன்னும் என் டூல் பெட்டியில்தான் கிடக்கிறது. எந்த லைனைப் பார்க்கப் போனாலும், பெட்டியைத் திறப்பதற்கு முன்னால், அந்த லைனின் வால்வைத் தினமும் திறந்து மூடுகிறவர் யார் என்று கேட்டு, முதலில் அவரோடு நடந்து போய்க் குழாயில் கை வைத்துப் பார்க்கிறேன்.