றோஸ் சட்டை ஓட்டக்காரன்

செய்தி காவுகிற தொழில் உலகத்தில் எத்தனையோ உண்டு. செய்தியைச் சொல்ல வாயைத் திறக்கும்போதே முப்பத்தாறு பேர் நாலு பக்கத்தாலும் வந்து இடிக்கிற தொழில் என்னுடையது ஒன்றுதான்.

அவுஸ்திரேலியக் கால்பந்து என்று ஒரு விளையாட்டு. நீங்கள் நினைக்கிற உதைபந்தாட்டம் இல்லை, றக்பியும் இல்லை. கிரிக்கெட் மைதானத்தளவு நிலத்தில், பக்கத்துக்குப் பதினெட்டுப் பேர், முட்டை வடிவப் பந்தைக் காலால் உதைத்தும் கையால் குத்தியும் அனுப்புவார்கள். ஆட்டம் லேசில் நிற்காது. இந்தக் கரையில் கோச் தொண்டை கிழியக் கத்தினாலும் அந்தக் கரையில் நிற்கிறவனுக்குக் கேளாது. ஆகவே ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே ஒருவன் உள்ளே ஓடி, கோச் சொன்னதை ஆட்டக்காரனின் காதில் போட்டுவிட்டுத் திரும்பி ஓடிவர வேண்டும். அவன்தான் ஓட்டக்காரன். ஆட்டக்காரன் என்று ஒருவரும் நினைத்துவிடாமல் இருக்க அவனுக்கு ஒரு றோஸ் கலர்ச் சட்டை. ரொறன்ரோவில் ஒரு கழகத்தில் பதினாறு வயதிலிருந்து அந்தச் சட்டை என்னுடையது.

"அப்பாட்டைப் போய்ச் சொல்லு", "கொம்மாட்டைப் போய்ச் சொல்லு" என்று வீட்டில் இரண்டு கட்சிக்கு நடுவில் ஓடி, இரண்டு பக்கமும் வாங்கிக் கட்டிய தோழர்களே, உங்களுக்கு இது உடனே விளங்கும். நான் ஒரு அம்மாவை முழு ஆட்டமும் ஏமாற்றிய கதை ஒன்று கைவசம் இருக்கிறது. நல்ல பகிடி. ஆனால் இப்போது சொல்ல மாட்டேன். முதலில் நான் வாங்கிய பேச்சுகளைக் கேளுங்கள்.

கோச்சின் தொண்டை

எங்கள் கோச் அவுஸ்திரேலியாவிலிருந்து வந்து இங்கே கல்யாணம் கட்டி இருந்துவிட்ட மனிதர். தகரப் பேணிக்குள் சரளைக்கல்லைப் போட்டுக் குலுக்கியது போலக் குரல். எனக்கோ ஒரு வருத்தம் உண்டு: யார் பேசினாலும் பத்து நிமிடத்தில் அந்தக் குரல் என் தொண்டையில் ஏறிக்கொள்ளும். பஸ் சாரதி, கணித ரீச்சர், றிச்மண்ட் ஹில் கோயிலில் அர்ச்சனைச் சிட்டை எழுதுகிற அங்கிள், ஒருவரையும் விட்டதில்லை. அதனால் செய்தியை நான் வெறும் செய்தியாகக் கொண்டுபோவதில்லை. ஆளுக்குப் பின்னால் போய் நின்று கோச்சின் குரலிலேயே இறக்குவேன்.

எங்கள் கழகத்தின் கெட்டிக்கார ஆட்டக்காரர் கஜன் அண்ணாவிடம் முதன்முதலில் அப்படித்தான் போனேன். பின்வரிசையில் நின்றார். "கஜன்! அங்கே என்ன தூணா பிடிக்கிறாய்? முன்னுக்குப் போ!" என்று ஆங்கிலத்தில் ஒரு உறுமல். மனிதர் திரும்பியும் பார்க்கவில்லை. "சொறி கோச், சொறி கோச்" என்றபடி முன்னால் பறந்துபோய், ஒருவனின் முதுகில் முழங்காலை ஊன்றி மேலே எழும்பி, பந்தை இரண்டு கையாலும் பறித்துக்கொண்டு இறங்கினார். இந்த விளையாட்டில் அப்படி ஏறிப் பிடிப்பது குற்றமில்லை, பெருமை. பந்தை உதைத்து அனுப்பிவிட்டு என்னிடம் வந்து காதைப் பிடித்தார். "டேய், கோச் ஒருநாளும் என்ரை பேரைச் சரியாச் சொன்னதில்லை. நீ சரியாச் சொல்லிப்போட்டாய். அதிலை பிடிபட்டாய்."

தப்பினால் ஒன்று

வோபர்ன் பக்கத்தில் எங்களுக்கு வாய்த்த மைதானத்தில் மத்தியானத்துக்குப் பிறகு எங்கள் ஆட்களின் கிரிக்கெட். ஒரு அங்கிள் எப்போதும் நேரத்துக்கு முன்னரே வந்து, கதிரையை விரித்து, எங்களை முறைத்துக்கொண்டு இருப்பார். ஒருநாள் பின்னால் போய் நின்று மாநகரசபை அதிகாரியின் குரலில் அனுமதிப் பத்திரம் கேட்டேன். பாவம், ஜக்கெற், காற்சட்டை, மட்டை வைக்கிற பை எல்லாம் தடவி, கடைசியில் சாரதிப் பத்திரத்தை நீட்டினார்.

திட்டி முடித்த பிறகு சிநேகமாகிவிட்டார். ஒரு பக்கத்துக்கு ஏன் நாலு கம்பம் என்று கேட்டார். நடு இரண்டுக்குள்ளே உதைத்தால் கோல், ஆறு புள்ளி. தப்பி ஓரக் கம்பத்துக்குள் போனாலும் ஒரு புள்ளி என்றேன். அந்த நேரம் பார்த்து கஜன் அண்ணா உதைத்த பந்து நடுவைத் தவறவிட்டது. கோல் நடுவர் ஒற்றைக் கொடியை ஆட்டினார். பலகையில் ஒன்று ஏறியது. அங்கிள் பலகையைக் கையால் காட்டினார். "இருவத்தைஞ்சு வருசமா இந்த நாட்டிலை எனக்குக் குறி தப்பிக்கொண்டுதான் இருக்குது, தம்பி. ஒருத்தனும் ஒண்டு போட்டுத் தரேல்லை."

சோதனையில் கேட்காதது

பகிடி இன்னும் வரவில்லையே என்கிறீர்கள். வரும். அதற்கு முன் கஜன் அண்ணாவை இன்னும் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். பதினேழு வயதில் தனி ஆளாக இங்கே வந்து இறங்கியவர். அம்மா கிளிநொச்சியில். அதற்குப் பிறகு இருவரும் நேரில் காணவில்லை. மோர்னிங்சைட்டில் ஒரு பேஸ்மென்ற் அறை, விடியப்புறம் வெயார்ஹவுஸ் வேலை, பின்னேரம் எங்களோடு பயிற்சி. நாடுகளுக்கு இடையிலான போட்டி இந்த முறை ரொறன்ரோவில் என்று தெரிந்ததும், கனடா அணியில் முதல் பெயர் அவருடையதுதான் என்று எல்லாரும் சொன்னோம். அவரும் நம்பினார். அம்மாவிடம் சொன்னார். இங்கே வந்த பிறகு அவர் அம்மாவுக்குக் கொடுத்த முதல் நல்ல செய்தி அதுதான்.

அந்தப் போட்டிக்கு ஒரு விதி இருக்கிறது. குடியுரிமை மட்டும் போதாது. சிறுவயதில் இருந்தே இந்த நாட்டில் வளர்ந்திருக்க வேண்டும். உலகமெங்கும் குடியேறியிருக்கிற அவுஸ்திரேலியர்கள் எல்லா நாட்டு அணியையும் நிரப்பிவிடாமல் இருக்கப் போட்ட வலை. நியாயமான வலைதான். அதில் வந்து மாட்டினது கிளிநொச்சி. கனடா அணிக்கும் எங்கள் கோச்தான் கோச்; கார்ப் பார்க்கில் வைத்துத் தொப்பியைக் கழற்றிக்கொண்டுதான் அதைச் சொன்னார். பிறகு, உள்ளே ஓட எங்கள் ஆட்டமுறை எல்லாம் தெரிந்த ஒரு ஆள் வேண்டும், நீ வருவாயா என்று கேட்டு, றோஸ் சட்டையை நீட்டினார். என் வேலை போனது அப்படித்தான். கஜன் அண்ணா சட்டையை வடிவாக மடித்துப் பைக்குள் வைத்தார். கார் கதவைச் சாத்திவிட்டு என்னிடம் சொன்னார். "சிற்றிசன் சோதினையிலை மாகாணமெல்லாம் கேட்டாங்கள், பாடமாக்கிச் சொன்னனான். பதினேழு வயசு பிந்திப்போச்செண்டு ஒருத்தரும் சொல்லேல்லை. நான் அம்மாட்டைச் சொல்லிப்போட்டன், டேய். அம்மா ஊருக்கே சொல்லிப்போட்டா."

நேரடி வர்ணனை

திட்டம் அவருடையது, குரல் என்னுடையது. "நான் உள்ளுக்கை ஓடுவன்தானே. அம்மாக்கு இந்த விளையாட்டைப் பற்றி ஒண்டும் தெரியாது. நீ போனைப் பிடிச்சுக்கொண்டு நிண்டு கொஞ்சம் சத்தம் போடு, காணும்" என்று தன் போனை என் கையில் தந்தார். இங்கே சனிக்கிழமை காலை, அங்கே விளக்கு வைத்த நேரம். திரையில் கஜன் அண்ணாவின் அம்மா அன்ரியும், அவவுக்குப் பின்னால் ஒரு வீடு நிறையச் சனமும்.

நான் பழைய வானொலி வர்ணனையாளர் குரலை எடுத்தேன். "இதோ! கனடாவின் நட்சத்திர வீரர், கிளிநொச்சி மண்ணின் மைந்தன், கஜன் மைதானத்துக்குள் பாய்கிறார்!" பாய்ந்தது உண்மை. ஆருக்கோ காதில் எதையோ சொல்லிவிட்டுத் திரும்பியதும் உண்மை. "அவன் மட்டும் ஏன் தம்பி றோஸ் சட்டை?" என்று அன்ரி கேட்டா. "கப்டன், அன்ரி." பின்னால் ஒரே ஆரவாரம். மற்றக் கரையில் கோல் விழும்போதெல்லாம் ஆட்கள் எறும்பளவில்தான் தெரிந்தார்கள். ஆகவே விழுந்த ஒவ்வொன்றையும் தயங்காமல் கஜன் அண்ணாவின் கணக்கில் போட்டேன். எதிரணி அடித்ததில் ஒன்றையும் போட்டேன். அங்கே ஆரோ வெடி கொளுத்திய சத்தம் கேட்டது.

மூன்றாவது கால்பகுதியில் கஜன் அண்ணா எங்கள் பக்கமாகவே ஓடி வந்துகொண்டிருந்தார். ஒரு பந்து நிலத்தில் குத்தித் துள்ளி, நேரே அவருடைய நெஞ்சுக்கு வந்தது. ஓட்டக்காரன் பந்தைத் தொடக்கூடாது, தொட்டால் அணிக்குத் தண்டனை. அவருடைய இரண்டு கையும் தானாக மேலே வந்துவிட்டன. விரல்கூட விரிந்துவிட்டது. பிறகு கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒதுங்கி, பந்தைப் போக விட்டார். அது என் கண்ணுக்கு முன்னால், போனுக்கும் முன்னால் நடந்தது. "என்ன ஒரு தந்திரம்! எதிரணியைத் திணறடிக்கிறார் கஜன்!" என்று கத்தினேன். சனம் கைதட்டியது.

அன்ரி எழும்பினா. திரை ஆடியது, ஒரு கதவு வந்தது, பிறகு இருட்டு. கொஞ்ச நேரத்தால் மெதுவாகக் குரல் மட்டும் வந்தது. "தம்பி, நான் இப்ப வெளியிலை நிக்கிறன், ஒருத்தருக்கும் கேளாது. பந்து அவனிட்டைத்தானே வந்தது? எறிஞ்ச ஒண்டையும் என்ரை பிள்ளை நிலத்திலை விழ விட்டதில்லை. தொடக்கூடாதெண்டு ஆரோ சொல்லியிருக்கினம், என்ன?"

அன்ரி மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னா. "சரி. நான் கண்டனான் எண்டு அவனுக்குச் சொல்லிப்போடாதை. நான் உள்ளை போறன், சனம் பாத்துக்கொண்டிருக்குது. நீ விட்ட இடத்திலை இருந்து சொல்லு, அப்பு."

அன்று கனடா தோற்றது; கஜன் அண்ணா மட்டும் ஐந்து கோல் அடித்தார்.