லிஃப்ட் கதவில் ரெண்டு எழுத்து

எங்க ஆஸ்பத்திரியில சாமான் லிஃப்ட் ஓட்டுற அக்காவைப் பத்தி ஆளாளுக்கு ஒண்ணு சொல்வாங்க. திமிர் பிடிச்சவ, வாய் நீளம், யாரையும் மதிக்கமாட்டா. எல்லாம் உண்மைதான். அந்தத் திமிராலதான் நான் இன்னைக்கு நாலு எழுத்து வாசிக்கிறேன். அவளை யாராவது குறை சொன்னா எனக்குச் சுர்ருன்னு ஏறும்.

பத்தொன்பது வருஷமா அதே முக்காலியில உட்கார்ந்து அடித்தளத்துக்கும் ஆறாவது மாடிக்கும் ஏறி இறங்குறவ. புருஷன் ஒருநாள் சொல்லாம கொள்ளாம போயிட்டார். "எந்த மாடியில இறங்கினார்னுகூடத் தெரியலை"ன்னு அவளே சொல்லிச் சிரிப்பா. மகளோட முதல் இங்கிலீஷ் புஸ்தகத்தைக் கூடவே உட்கார்ந்து படிச்சுத்தான் இவளும் வாசிக்கக் கத்துக்கிட்டா.

நாங்க அடித்தளத்துல துணி வெளுக்கிற பதினோரு பொம்பளைங்க. மூட்டையில இங்கிலீஷ்ல எழுதியிருக்கிறது புரியாம, "சார், இது எந்த வார்டு?"ன்னு கண்டவங்ககிட்டயும் கெஞ்சுவோம். ஒருநாள் பிரசவ வார்டு மூட்டையை நான் ஆபரேஷன் தியேட்டர் வாசல்ல இறக்கிட்டேன். வாங்கின திட்டு கொஞ்சநஞ்சமில்ல. அன்னைக்குத்தான் அக்கா, "இனிமே என் லிஃப்ட்ல ஏறுறவ எழுத்து கத்துக்காம இறங்கக் கூடாது"ன்னு சொல்லிட்டா.

தனி எழுத்தெல்லாம் எப்படியோ வந்துருச்சு. ஜோடிதான் மண்டையில ஏறலை. எஸ்ஸும் ஹெச்சும் பக்கத்துல நின்னா நான் "ஸ்... ஹ..."ன்னு மூச்சு வாங்குவேன். அக்கா சாக்பீஸ் எடுத்து இடது கதவு ஓரத்துல எஸ் போட்டா, வலது கதவு ஓரத்துல ஹெச் போட்டா.

"கதவு திறந்திருக்கா? அதது தன் பாட்டுக்குப் பேசும்." பட்டனை அமுக்கினா. ரெண்டு கதவும் நடுவுல வந்து ஒட்டிச்சு. "இப்போ ரெண்டுக்கும் ஒரே வாய். ஷ்!"

"புருஷன் பொண்டாட்டி மாதிரியாக்கா?"

"போடி, இதுங்க சண்டை போடாது."

ஒரு மாடிக்கு ஒரு தடவை திறக்கும், மூடும். நாங்க தள்ளுவண்டியைப் பிடிச்சுக்கிட்டே கத்துவோம். அடுத்த வாரம் சியும் ஹெச்சும், "ச்!"

மேனேஜர் பாத்துட்டார். "இது லிஃப்டா, பள்ளிக்கூடமா? அழி!" அக்கா ஈரத்துணியால துடைச்சா. அவர் தலை மறைஞ்சதும் முன்னைவிடப் பெருசா எழுதினா. மூணு தடவை இதே கூத்து. மூணாவது தடவை, "உன்னை வீட்டுக்கு அனுப்பறேன் பாரு"ன்னுட்டுப் போனார்.

நான் அக்கா கையிலிருந்து சாக்பீஸைப் பிடுங்கினேன். "வேணாம்க்கா, வேலை போயிரும்."

"ஒரு மூட்டை லேட்டாச்சுன்னு சொல்லட்டும், நானே இறங்கிடறேன். நீங்க படிக்கிறது அவருக்கு உறுத்துதுன்னா, நல்லா உறுத்தட்டும்."

ரெண்டு நாள் கழிச்சு மேனேஜர் எங்க பதினோரு பேரையும் ஆபீஸுக்குக் கூப்பிட்டார். மேஜையில ஒரு இங்கிலீஷ் தாள், பக்கத்துல மைப்பெட்டி. "புது யூனிஃபார்முக்கு. வரிசையா வந்து கைநாட்டு வைங்க."

நான்தான் முதல் ஆள். பெருவிரலை நீட்டினவ, தாளைப் பாத்தேன். முழுசா வாசிக்கத் தெரியலை, பொய் சொல்லமாட்டேன். ஆனா மூணு வார்த்தை பளிச்சுன்னு தெரிஞ்சுது. 'லிஃப்ட்'. அப்புறம் 'ஷீ'. அதுக்குக் கீழே 'டீச்'.

உடம்பெல்லாம் பத்திக்கிட்டு வந்துச்சு. "யூனிஃபார்ம் பேப்பர்ல லிஃப்டுக்கு என்ன சார் வேலை?"

அவர் முகம் செத்துப்போச்சு. "உனக்கென்ன தெரியும்? வைம்மா!"

"தெரியும் சார். அக்காவை வேலையை விட்டுத் தூக்க எங்க கையாலேயே புகார் வாங்கறீங்க. மை வேணாம். பேனா குடுங்க."

அவர் குடுக்கலை. நானே அவர் சட்டைப்பையில இருந்து உருவினேன். அந்த வரிகளுக்கு மேலேயே குறுக்கால, கொட்டை கொட்டையா, இங்கிலீஷ்ல 'நோ'ன்னு எழுதினேன். பேனாவைப் பின்னால நீட்டினேன்.

மத்த பத்து பேரும் அதையே எழுதினாங்க. கடைசி ஆளு எழுத இடமில்லாம தாளைத் திருப்பிப் போட்டு எழுதினா.

அந்தத் தாளை அவரால யாருக்கும் அனுப்ப முடியலை. அக்கா இன்னும் அதே லிஃப்ட்லதான் இருக்கா.