ஸ்டீபன் கழுவிய கடல்தரை

"சேறு எங்கண்ணா?" என்று பிரின்சி கேட்டாள்.

"எந்த சேறு மேடம்?"

"வாளியில இருந்துச்சே."

"அதுவா? கடல்ல ஊத்திட்டேன். நண்டு, மட்டி, புழு எல்லாத்தையும் சுத்தமா அலசி தட்டுல வச்சிருக்கேன் பாருங்க. தட்டையும் கழுவிட்டேன்."

"எனக்கு அந்தச் சேறுதான் வேணும்."

"இன்னா மேடம் சொல்றீங்க! சேத்த வச்சிக்கினு இன்னா பண்ணுவீங்க?"

இந்தப் பேச்சை பிரின்சி இன்றும் வரி மாறாமல் சொல்வாள். ஸ்டீபன் தோணிரேவு என்ற மீனவக் கிராமத்துக்காரர். பழவேற்காடு ஏரியில் இடுப்பளவு நீரில் நின்று, கையால் தடவி இறாலும் நண்டும் பிடித்தவர். பிடித்ததை ஏரியிலேயே அலசாமல் கரையேற்றுவது அவருக்கு வெட்கக்கேடு. முகத்துவாரம் மணல் மூடி இறால் வரத்து குறைந்ததும், கடற்படைக்காகக் கடலை ஆராயும் சிறிய கப்பல் ஒன்றில் டெக் வேலைக்கு வந்தார். பத்து நாள் பார்த்துவிட்டு வைத்துக்கொள்வதாகப் பேச்சு. அன்று ஒன்பதாவது நாள்.

பிரின்சி அந்தக் கப்பலின் ஆராய்ச்சியாளர், அதிகம் பேசாதவள். அடித்தரை சேறா மணலா என்பதைப் பொறுத்துத் தண்ணீருக்குள் ஒலி போகும் விதம் மாறும், அதற்குத்தான் இந்த ஒரு வாளிச் சேறு என்று விளக்கினாள். ஸ்டீபனின் முகம் சுண்டிவிட்டது. அவள் ஏதாவது சொல்லிச் சமாளிப்பதற்குள் அவரே கேப்டன் தனசேகரிடம் போய் நின்றார்.

"சார், தப்பு என்னுது. இன்னொரு தபா எறக்கலாமா?"

"கடலையே கழுவிட்டியாய்யா!" என்று கேப்டன் தலையில் அடித்துக்கொண்டார். ஆனாலும் கப்பலைத் திருப்பினார்.

அதற்குள் அலை ஏறியிருந்தது. சேறு அள்ளும் இரும்புக் கவ்வி, கப்பலின் ஆட்டத்தில் தரையைத் தொடும் முன்பே வாயை மூடிக்கொண்டு இரண்டு முறை வெறும் தண்ணீரோடு வந்தது. மூன்றாம் முறை கயிற்றை ஸ்டீபன் தன் கையில் வாங்கினார். கப்பல் எழும்பும்போது விட்டுக்கொடுத்தார், தாழும்போது இழுத்துப் பிடித்தார்.

"இன்னும் இல்ல... இன்னும் இல்ல... தட்டிச்சி! இழுங்க!"

கவ்வி நிறையக் கருஞ்சேறு, வழிய வழிய வந்தது. ஸ்டீபன் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு வாளியிலிருந்து நாலடி தள்ளி நின்றார்.

கேப்டனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பத்து நாளோட நிறுத்திக்காதீங்க ஸ்டீபன். அதுக்கப்புறமும் வந்துடுங்க."

கரை திரும்பும்போது ஸ்டீபன் பிரின்சியின் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"மேடம், ஞாயித்துக்கெழம வூட்டுக்கு நண்டு சாப்புட வாங்க. ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கிறேன். நான் தட்டு கழுவுன கதைய மட்டும் என் பொண்டாட்டி ஜாக்குலின்கிட்ட சொல்லிடாதீங்க."