நடந்தபடி வாசித்த கிறிஸ்துமஸ் பாடம்

ஆலயத்தில் யாராவது வேதம் வாசிக்க எழுந்தால் இன்றும் என் உள்ளங்கை வியர்க்கிறது. வாசிப்பவர் திக்கமாட்டார் என்று தெரிந்தாலும் முதல் வரி முடியும்வரை மூச்சை விடமாட்டேன். எழுபத்தாறு வயதில் இது ஆகாது என்கிறார் மருத்துவர்.

அப்பாவுக்குத் திக்குவாய். சாந்தன்பாறைக்கு மேலே ஏலக்காய்த் தோட்டத்தில் மருந்தடிக்கும் வேலை. 'ப'வில் தொடங்கும் சொல் வந்தால் உதடு ஒட்டிக்கொள்ளும். அப்படிப்பட்டவர், கிறிஸ்துமஸ் ஆராதனையில் தாமே வேதபாடம் வாசிக்கவேண்டும் என்று சபை மூப்பரிடம் கேட்டுவிட்டார்.

"நீரு வாசிச்சு முடிக்கதுக்குள்ள ஈஸ்டர் வந்துரும்வே," என்றார் மூப்பர். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மூப்பரும் சிரித்துக்கொண்டே அப்பாவின் பெயரைச் சேர்த்துக்கொண்டார்.

மறுநாளே அப்பா தொடங்கிவிட்டார். வேலைக்கு ஏறும் பாதையில் ஒரு வரி. அது திக்காமல் வரும்வரை அடுத்த வரி கிடையாது. ஓணம் கழிந்து ஆரம்பித்தவர் அடைமழையில்கூட ஒரு காலையையும் விடவில்லை. பள்ளிக்கூட வளைவுவரை நானும் கூடப் போவேன். டிசம்பர் பிறந்தபோது பாடத்தின் பதினான்கு வரிகளும் வந்துவிட்டன, 'பெத்லகேம்' உட்பட.

அம்மாவுக்குத்தான் பயம். "சபையில வச்சு நின்னுபோச்சுன்னா பிள்ளையக் கேலி பண்ணியே கொன்னுருவாங்க. வேண்டாம்னு சொல்லிருங்க."

"வ... வந்துரும்," என்றார் அப்பா.

கிறிஸ்துமஸ் அன்று முதல் வரி வந்தது. இரண்டாம் வரியில் பெத்லகேம். உதடு ஒட்டிக்கொண்டது. கழுத்து நரம்பு புடைத்தது. யாரோ இருமினார்கள். பின் வரிசையில் ஒரு சிரிப்பு கிளம்பி அடங்கியது. அம்மா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தாள். புத்தகத்தை வாங்கிக்கொள்ள மூப்பர் பாதி எழுந்துவிட்டார்.

நடந்துகொண்டே பழகிய வாய் நின்ற இடத்தில் பேசாது என்பது அதுவரை எங்களில் ஒருவருக்கும் தோன்றியிருக்கவில்லை.

அப்பா புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு மேடையிலிருந்து கீழே இறங்கினார். பெஞ்சுகளுக்கு நடுவே நடக்கத் தொடங்கினார். நாலாவது அடியில் பெத்லகேம் வந்தது. வாசல்வரை போனார், திரும்பினார், வாசித்துக்கொண்டே வந்தார். தலைகள் எல்லாம் அவரோடு திரும்பின. நான் தலையைக் குனிந்துகொண்டு, திக்கிய இடங்களை மட்டும் விரல் மடக்கி எண்ணிக்கொண்டிருந்தேன். மேடைக்கு வந்து சேர்ந்தபோது பதினான்காம் வரி முடிந்திருந்தது.

"அடுத்த வருசம் ஆராதனைய ரோட்டுலயே வச்சிருவோம்," என்றார் மூப்பர் வெளியே. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு இறங்கும்போது எனக்கு அழுகையும் கோபமும். "எல்லாரும் நின்னுதான வாசிக்காங்க? மூணு எடத்துல திக்கிட்டீங்கப்பா."

அப்பா நின்றுவிட்டார்.

"மூ... மூணுதானா? நல்லா எண்ணுனியால?"

"முதல்ல நின்னதையும் சேத்துதான்."

"அம்மாட்ட சொல்லு," என்றார். சொன்னேன். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். இன்னொரு தரம் சொல்லச் சொன்னார் அப்பா. சொன்னேன். பாதையெல்லாம் அவர் தமக்குள் சிரித்துக்கொண்டே வந்தார்.

குறையைச் சொன்னால் ஒரு மனிதர் எதற்கு இப்படிச் சந்தோஷப்படுகிறார் என்று எனக்கு விளங்கவில்லை. தப்பாக எண்ணிவிட்டேனோ என்று விரல்களை மறுபடி மடக்கிப் பார்த்தேன். மூன்றுதான்.